மஞ்சளா இருக்குன்னு லென்ஸ தேய்க்காதீங்க

தேய்ச்சி கெடுத்த பழைய கேமரா லென்ஸ் இந்த மாசமும் ஒன்னு வந்துருச்சு. தலவாக்கலைப் பக்கத்துல இருந்து ஒரு தம்பி, தாத்தாவுக்கு தோட்டத்து துரை குடுத்துட்டுப் போன லைக்காவாம், அந்தக் காலத்து ஜெர்மன் கேமரா, அதோட 50 எம்எம் எல்மார் லென்ஸ். மஞ்சளா இருக்குன்னு குத்துவிளக்கு விளக்குறாப்புல புளியும் சாம்பலும் போட்டு தேய்ச்சி பளபளன்னு கொண்டாந்து, "அண்ணே இப்ப என்ன வெலைக்கு போகும்"னு கேக்குறாரு. முன்வளையத்துல பாதிக்கு மேல பித்தளை தெரியுது, எழுத்துல இருந்த கறுப்பு பெயிண்டும் போயிருச்சு. என்னத்த சொல்ல?

அந்த மஞ்சள் அழுக்கு இல்லங்க. கறையும் இல்ல, துருவும் இல்ல. நிக்கலோட நெறமே அதுதான். 1925ல முதல் லைக்கா வந்தப்ப பித்தளைக்கு மேல நிக்கல் முலாம்தான், குரோம் லைக்கா 1933லதான் வந்துச்சு, அந்த மாறுற காலத்துல ரெண்டும் கலந்தே வந்துருக்கு, அதனால வருஷத்த மட்டும் வச்சி முடிவு பண்ணவும் ஏலாது. எவ்வளவு தேய்ச்சாலும் நிக்கல் குரோம் ஆகாது, நிக்கல் தீர்ந்து பித்தளைதான் வரும். குரோமுக்கு அடியிலயும் பொதுவா ஒரு நிக்கல் படை இருக்கும், அதையும் தேய்ச்சிங்கன்னா மொதல்ல மஞ்சள் திட்டு வரும், ஒடனே "இன்னும் அழுக்கு இருக்கு"ன்னு இன்னும் தேய்ப்பீங்க. அங்கதான் எல்லாம் முடியும்.

பாக்குறது லேசு. பகல் வெளிச்சத்துல ஜன்னலோரமா வெள்ளைத் தாள் மேல வைங்க, எல்இடி பல்புக்கு கீழ வேணாம். பக்கத்துல ஒரு குரோம் சாமானையும் வைங்க, பைப் தலை போதும். குரோம் லேசா நீலம் பாஞ்ச வெள்ளையா இருக்கும், நிக்கல் லேசா மஞ்சள் பாஞ்சு மங்கலா இருக்கும். கைபட்டு தேஞ்ச எடத்துலயும் வெள்ளை கீறல் மட்டும்தான் இருக்கு, பித்தளையே தெரியல, தூக்குனா லேசா இருக்குன்னா அது அலுமினியம். ரஷ்யாக்காரங்களோட ஜுபிடர் 8 லென்ஸ் அப்படித்தான், நெறைய பேரு அத குரோம்னு வாங்கிட்டு வாராங்க. காந்தம் வச்சி பாக்குறவங்களும் இருக்காங்க. நிக்கல் காந்தத்துக்கு இழுபடும்தான், ஆனா அந்த மெல்லிசு முலாம் உங்க கைக்கு தெரியவா போவுது? விட்டுருங்க.

மறுமுலாம் போட்டதுன்னா எழுத்த பாருங்க. முலாமுக்கு முந்தி பஃப் அடிச்சிருப்பாங்க, அதாவது சுத்துற துணிச் சக்கரத்துல வச்சி தேய்ச்சிருப்பாங்க, எழுத்தோட ஓரம் மழுங்கி ஆழமும் கொறஞ்சிருக்கும். புதுசு மாதிரி மின்னுற 90 வயசு லென்ஸ கண்டா சந்தோசப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

பித்தளை விளக்குற பிராசோ வேணாம். புளி, தேசிக்காய், பற்பசை ஒன்னும் வேணாம். காஞ்ச மெல்லிசு துணி போதும், பச்சை பூத்திருந்தா மரக்குச்சியால மெல்ல சொரண்டுங்க, ஊசி எடுக்காதீங்க. நம்ம ஹட்டன், நுவரெலியா மூடுபனிக்கு தோல் உறைக்குள்ள வச்சி பூட்டுனிங்கன்னா தோல் ஈரத்த புடிச்சி வச்சிக்கிட்டு பித்தளைய பச்சையாக்கும், கண்ணாடிக்குள்ள பூஞ்சணமும் வரும், அது வேற கதை. மூடி இறுக்கமான டப்பாவுல ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல்ல அப்பப்ப காய வைங்க.

விக்கிற எண்ணம் இருந்தா இன்னும் கவனம். கையே வைக்காம, இருக்கிற கோலத்துலயே போட்டோ எடுத்து காட்டுங்க, தூசி தட்டுனா போதும். தயவு செஞ்சி, தேய்ச்சிட்டு வந்து கேக்காதீங்க, கேட்டுட்டு தேய்ங்க.