மறதிக்கு மாத்திரை வாங்குவதற்கு முன்

கீழக்கரையிலிருந்து ஒரு பெண் தம் வாப்பாவை என்னிடம் அழைத்து வந்தபோது, அவர் கொண்டுவந்த துணிப்பையில் ஏழு புட்டிகள் இருந்தன. துபாயில் வேலை பார்க்கும் தம்பி, ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒன்றொன்றாகக் கொடுத்தனுப்பியவை அவை: மீன் எண்ணெய் மாத்திரை, கிங்கோ என்ற மரத்தின் இலைச்சாறு, வைட்டமின் ஈ, மூளைக்கு நல்லது என்று மட்டும் எழுதியிருந்த ஒரு கலவை, இன்னும் சில. 72 வயதான அந்தப் பெரியவர் ஓராண்டாகவே தொழுகையில் எத்தனை ரக்அத் (தொழுகைச் சுற்று) முடிந்தது என்று குழம்பினார். கடைக்குப் போனால் காலையில் வாங்கிய சாமானையே மாலையிலும் வாங்கி வந்தார். “இதுல எதை விடாம கொடுக்கணும் டாக்டர்?” என்பதுதான் மகளின் கேள்வி.

நான் பெரியவரின் காலைப் பார்த்தேன். நடக்கும்போது செருப்பு கழன்று விழுவதுகூடத் தமக்குத் தெரிவதில்லை என்றார். சர்க்கரை நோய்க்கு 11 ஆண்டுகளாக மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு 4 ஆண்டுகளாகத் தினமும் காலையில் ஒரு ‘கேஸ் மாத்திரை’ சாப்பிட்டு வந்தார். ரத்தத்தைச் சோதித்தபோது, நரம்புக்கும் மூளைக்கும் வேண்டிய வைட்டமின் பி12 மிகவும் குறைந்திருந்தது.

“மீன் இல்லாம சோறு இறங்காத வீடு இது, எங்களுக்கு எப்படி சத்துக் குறையும்?” என்று மகள் வியந்து கேட்டார். இந்தக் கடற்கரையில் இதே கேள்வியைப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதன் விடை தெரியாததால்தான் பல வீடுகளில் நோய் கவனிக்கப்படாமல் போகிறது. சூடை மீனிலும் சாளை மீனிலும் பி12 நிறையவே இருக்கிறது. ஆனால் அது புரதத்தோடு பிணைந்திருப்பதால், இரைப்பையின் அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்த சத்து சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உடம்பில் சேரும். அமிலத்தைக் குறைக்கும் ‘கேஸ் மாத்திரை’ முதல் வேலையையும், மெட்ஃபார்மின் இரண்டாவது வேலையையும் தடுக்கக்கூடும். தட்டில் மீன் இருந்தும் நரம்புக்குச் சத்துப் போய்ச் சேராத நிலை இப்படித்தான் வருகிறது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து. இதைப் படித்துவிட்டு யாரும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் பி12 அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஏழு புட்டிகளில் ஒன்றில் ஃபோலிக் அமிலம் இருந்தது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகிவிட்டதுபோல் தெரியும், நரம்புச் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். பெரியவருக்கு பி12 ஊசி போடத் தொடங்கி நான்கு மாதத்தில் குழப்பம் நன்றாகக் குறைந்தது. காலின் மரத்துப்போன உணர்ச்சி முழுவதும் மீளவில்லை. புட்டிகளை நம்பிக் கழிந்த அந்த ஓராண்டை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எல்லோருடைய மறதியும் இப்படி ஊசியில் தீர்வதில்லை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதி நோயோடு (டிமென்ஷியா) வாழ்வதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களில் பலருக்கு இருப்பது அல்சைமர் நோய் அல்லது மூளையின் ரத்தக்குழாய்ப் பாதிப்பு. அவர்களுக்காவது இந்தப் புட்டிகள் உதவுமா என்றால், செய்து பார்த்த ஆய்வுகளின் விடை பெரும்பாலும் ஏமாற்றமே. கிங்கோவை அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரிடம் ஆறு ஆண்டுகள் அளவில் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை. மீன் எண்ணெயின் முக்கியச் சத்தான டி.எச்.ஏ.-வை அல்சைமர் நோயாளிகள் 402 பேரை வைத்து 18 மாதம் சோதித்தார்கள். நோயின் வேகம் குறையவில்லை என்று 2010-இல் தெரிந்தது. பி, ஈ வைட்டமின்கள், ஒமேகா கொழுப்புகள், பல சத்துக் கலவைகள் ஆகியவற்றை நினைவாற்றல் குறைவதைத் தடுக்கப் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. அண்மை ஆய்வுகளில், நோயில்லாத முதியவர்களுக்குப் பல்வைட்டமின் மாத்திரை சிறிதளவு பலன் தந்ததாகத் தெரிகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மறதி வந்துவிட்டவர்களுக்கு அதை மருந்தாகக் கொடுக்க இடமில்லை.

பலனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பார்கள். கெடுதலும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், வேறு சிலர் வார்ஃபரினும் சாப்பிடுகிறார்கள். அவற்றோடு கிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம், வழுக்கி விழுந்த முதியவரின் தலைக்குள் ரத்தம் கட்டவும் கூடும். வைட்டமின் ஈ அல்சைமர் நோயாளிகளின் அன்றாடச் செயல்திறன் சரிவதைச் சற்றுத் தாமதப்படுத்தியதாக 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது உண்மைதான், ஆனால் அதில் கொடுத்தது தினமும் 2,000 அலகு; அதில் ஐந்தில் ஒரு பங்கான 400 அலகே நோயற்ற ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயைக் கூட்டியதாக 2011-இல் தெரியவந்தது. மருத்துவர் பார்க்காமல் கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல அது.

வல்லாரையைப் பற்றியும் கேட்கிறார்கள். கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை. யார் தயாரித்தது, என்ன கலந்தது என்று தெரியாமல் உறையில் வரும் சூரணம் வேறு. 2004-இல் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசிய மூலிகைத் தயாரிப்புகள் 70-ஐச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் மூளைக்கே நஞ்சு.

ஆகவே மறதி என்று வருகிறவரிடம் முதலில் ரத்த அணுக்கள், பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம் ஆகியவற்றைப் பார்க்கிறோம். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்கிறோம். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், சளிக்கும் தூக்கத்துக்கும் வாங்கியவை உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் போன்றவையே முதியவர்களின் நினைவைக் குழப்பக்கூடும். புட்டிகளைக் கொண்டுவந்ததற்காக நான் யாரையும் கடிந்துகொண்டதில்லை. கடிந்துகொண்டால் அடுத்த முறை ஒளித்து வைத்துவிடுவார்கள், ஆபத்து அங்கேதான் தொடங்கும்.

பாம்பனிலிருந்து வரும் ஒரு மீனவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கரையில் கிடக்கும் தடைக்காலத்திலும் கடன் வாங்கித் தம் தாய்க்கு ஞாபக சக்தி மாவு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவுக்கு இருப்பது மெய்யான மறதி நோய்தான். மாவை நிறுத்தச் சொன்னதும், “அப்ப அதுக்குப் பதிலா எதை வாங்கட்டும் சார்?” என்று மகன் கேட்டார். அம்மாவுக்குக் காது மிகவும் மந்தமாக இருந்ததால் செவித்திறன் சோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். தவிர்க்க வாய்ப்புள்ள 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று 2024-இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் மதிப்பிட்டது. காது கேளாமை அவற்றில் ஒன்று. நோய் வந்த பிறகும், காதில் விழாத சொல்லை எந்த மூளையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்குக் காது கேட்கும் கருவி பொருத்தி மூன்று மாதம் ஆகிறது. நினைவு முன்போல் ஆகவில்லை. ஆனால் படகு கரையை நெருங்கும்போது மகன் கைப்பேசியில் அழைத்தால், இப்போது அந்த அம்மா தாமே எடுத்து என்ன மீன் கிடைத்தது என்று கேட்கிறாராம்.