நைட்ரஜனை ஹைட்ரஜன் ஆக்கும் கணக்கு

பிளஸ் ஒன் விடைத்தாளில் வாயு இயக்கவியல் கணக்கு வந்தால், நான் முதலில் பார்ப்பது விடையை அல்ல, வெப்பநிலையைத்தான். "27 டிகிரி செல்சியஸில் ஒரு வாயுவின் சராசரி இருமடி மூல வேகம் நொடிக்கு 517 மீட்டர். அதன் மோலார் நிறை என்ன, வாயு எது?" என்று கேட்பது வழக்கம். இருமடி மூல வேகம் என்பது மூலக்கூறுகளின் வேகங்களை இருமடியாக்கி, சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம் கண்டது; மோலார் நிறை என்பது ஒரு மோல் வாயுவின் நிறை. வழி எளிதுதான். 3, வாயு மாறிலி 8.314, வெப்பநிலை மூன்றையும் பெருக்கி, வேகத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். 27-உடன் 273 கூட்டி 300 கெல்வினாக மாற்றினால் 0.028 கிலோகிராம் வரும். அதாவது 28 கிராம், நைட்ரஜன்.

27-ஐ அப்படியே போட்டால் இரண்டரை கிராம் வரும். சிக்கலே இங்கேதான். 800 கிராம் என்று வந்தால் பிள்ளைகளே சந்தேகப்படுவார்கள். இரண்டரை வந்தால், ஹைட்ரஜன் 2 தானே, சரி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

இருமடி மூல வேகத்துக்குப் பதில் வேறு வகை வேகத்தைப் போட்டாலும் இதே கதைதான். அதே 300 கெல்வினில் நைட்ரஜனின் சராசரி வேகம் 476, மிகவும் சாத்தியமான வேகம், அதாவது மிக அதிக மூலக்கூறுகளுக்கு இருக்கும் வேகம், 422. 476-ஐ இந்தச் சூத்திரத்தில் போட்டால் 33 கிராம், ஆக்சிஜன் போலத் தெரியும். 422-ஐப் போட்டால் 42, புரோப்பீன்! சராசரி வேகம் தந்திருந்தால் 3 இருக்கும் இடத்தில் 2.55 வர வேண்டும், சாத்தியமான வேகத்துக்கு 2.

இந்தக் குழப்பம் பெரியவர்களுக்கும் வந்ததுதான். 1920-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஒட்டோ ஸ்டெர்ன், சூடேற்றிய கம்பியிலிருந்து பறக்கும் வெள்ளி அணுக்களின் வேகத்தை அளந்து, 3 உள்ள சூத்திரத்தோடு ஒப்பிட்டார். வெளியேறும் கற்றையில் வேகமான அணுக்களின் பங்கு கூடுதல், அங்கே 4 வர வேண்டும் என்று ஐன்ஸ்டைன் சுட்டிக்காட்ட, அவர் திருத்திக்கொண்டார்.

கிலோகிராமைக் கிராம் என்று எழுதுவது அவ்வளவு மோசமில்லை. 0.028 கிராம் என்று ஒரு வாயுவும் கிடையாது, உடனே மாட்டிக்கொள்ளும்.

அப்புறம், வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எத்திலீன் மூன்றுமே ஏறத்தாழ 28 கிராம். காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருப்பதையும் மூடிய அறையில் ஆளைக் கொல்வதையும் இந்தச் சூத்திரம் பிரித்துக் காட்டாது. "வாயு எது?" என்று கேட்பதானால் கூடவே ஒரு வேதிப்பண்பையும் கொடுத்துவிடுங்கள்.