ஒன்பது மணிக்கு மேல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மருத்துவராக இருந்த என்னிடம் பரிசோதனைக்கு வந்த ஒரு மினிபஸ் டாக்சி ஓட்டுநரிடம், கிளினிக் படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன். "நீங்கள் தன்பாலீர்ப்பு உள்ளவரா?" இல்லை என்றார். அது பொய்யில்லை. வீட்டில் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். "சரி, கடந்த ஆறு மாதத்தில் உறவு பெண்களோடு மட்டுமா, ஆண்களோடும் உண்டா?" என்றேன். வண்டிச் சாவியைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "ஆண்களோடும்தான். ஒருவரோடு" என்றார்.

இவரைப் போன்றவர்களுக்குத் தென்னாப்பிரிக்க டவுன்ஷிப்புகளில், அதாவது நகர விளிம்பில் கறுப்பின மக்கள் வாழும் குடியிருப்புகளில், 'ஆஃப்டர் நைன்' (ஒன்பதுக்கு மேல்) என்று பெயர். பகலெல்லாம் குடும்பஸ்தர், இரவு ஒன்பது மணிக்கு மேல் வேறு வாழ்க்கை. அந்தப் பெயரில் கேலியும் இருப்பதால் அவர்கள் அதை ஏற்பதில்லை. தன்பாலீர்ப்புள்ள ஆணைக் குறிக்கும் 'கே' என்ற சொல்லும் அவர்களுக்கு ஒட்டாது. நீங்கள் யார் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள். என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இது புரியாமல் எத்தனை பேரைப் பரிசோதிக்காமலே அனுப்பியிருப்பேனோ, நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

இவருக்கு எச்.ஐ.வி பயமே இருக்கவில்லை. சுவரொட்டிகளில் எப்போதும் ஓர் ஆணும் பெண்ணும்தான், அதனால் ஆணோடு இருந்தால் ஆபத்தில்லை என்று நம்பியிருந்தார். உண்மை நேர் எதிர். ஆசனவாயின் உட்படலம் மெல்லியது, எளிதில் கிழியும். ஆணுறை இல்லாத ஆசனவாய் உறவில் பெறுபவருக்கு உள்ள ஆபத்து, பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு உள்ளதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். "எனக்குச் சுன்னத் செய்தாகிவிட்டதே" என்றார். அது பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவதைச் சுமார் 60 சதவீதம் குறைக்கும். பெறும் நிலையில் இருப்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

ஆணுறை போடுகிறாராம், ஆனால் அடிக்கடி கிழிகிறதாம். கூட என்ன தடவுகிறீர்கள் என்றேன். பையிலிருந்து சின்ன வாசலின் டப்பாவை எடுத்து வைத்தார். ஓர் ஆணுறையை ஊதிக் கட்டி, அதன் மேல் பேபி ஆயிலைத் தேய்த்துக் காட்டினேன். ஒரு நிமிடம் போல ஆனதும் பட்டென்று வெடித்தது. எண்ணெய்ப் பசை எதுவானாலும் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பரை அரித்துவிடும், வாசலினும் அப்படித்தான். தண்ணீரில் செய்த ஜெல்தான் வேண்டும். ஆணுறை பெட்டி பெட்டியாகக் கிடைக்கும் இடங்களிலும் அந்த ஜெல் பல நேரம் இருப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆய்வுகளில் இவர்களைப் 'பாலம்' என்று எழுதுவதுண்டு, நோயை மனைவிக்குக் கடத்துகிறவர்கள் என்ற பொருளில். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. குற்றவாளி ஆக்கப்பட்டவர் மறுபடி கிளினிக் வாசல் மிதிக்க மாட்டார், அவர் மனைவிக்கும் சிகிச்சை போய்ச் சேராது. தென்னாப்பிரிக்காவில் 1996 அரசியல் சாசனமே பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. அங்கேயே இவ்வளவு தயக்கம். ஆணோடு ஆண் உறவு கொண்டால் கென்யாவில் 14 ஆண்டு வரை சிறை, உகாண்டாவில் 2023 சட்டப்படி ஆயுள் தண்டனை, சில குற்றச்சாட்டுகளுக்கு மரண தண்டனையே கூட. அங்கே யார் மருத்துவரிடம் வாய் திறப்பார்?

அவருக்கு எச்.ஐ.வி இல்லை என்று வந்தது. ஆனால் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. சிபிலிஸ் புண் வழியாக எச்.ஐ.வி எளிதில் நுழையும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தைக்கும் போகும். பென்சிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும், மனைவிக்கும் குழந்தைக்கும் அதுதான் காப்பு. அப்புறம் எச்.ஐ.வி வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரையைத் தினம் ஒன்றாக ஆரம்பித்தோம். சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கும் தேதி கொடுத்தேன்.

துணையைப் பரிசோதனைக்கு அழைக்கும் சீட்டு ஒன்று உண்டு. யாரிடமிருந்து வந்தது என்று அதில் இருக்காது. மனைவிக்கு ஒன்று எழுதி நீட்டினேன். வாங்கிக்கொண்டு எழுந்தவர் கதவு வரை போய்த் திரும்பினார்.

"இன்னொன்று எழுதித் தாருங்கள், டாக்டர். அவனுக்கும் தெரிய வேண்டும்."

எழுதிக் கொடுத்தேன். ஒன்றைச் சட்டைப் பையிலும் மற்றதைக் கால்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு கிளம்பினார்.