பழைய கணம் அப்படியே இருக்க, புதியது எப்படி உருவாகிறது?

ஸ்காலா என்ற நிரல்மொழியில் 1, 2, 3 அடங்கிய மாறாக் கணம் (immutable set, உருவானபின் மாற்ற முடியாத தொகுப்பு) ஒன்றுக்கு ‘அ’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அடுத்த வரியில் வெறுமனே ‘அ + 4’ என்று எழுதிவிட்டு ‘அ’வை அச்சிட்டால், அதே மூன்று எண்கள்தான் வரும். பிழைச் செய்தியும் கிடையாது. கூட்டல் நடக்காமல் இல்லை. நான்கு எண்களோடு ஒரு புதிய கணம் உருவாகத்தான் செய்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. ‘ஆ = அ + 4’ என்று எழுதியிருந்தால் இரண்டும் கைவசம் இருந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் கணம் முழுவதையும் நகலெடுத்தால் கட்டுப்படியாகுமா? ஆகாது, அப்படிச் செய்வதும் இல்லை. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் வழக்கமான கணம் ஒரு சமநிலை இருமமரம்: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கணு, அதன் இடப்பக்கம் சிறியவை, வலப்பக்கம் பெரியவை. உச்சியில் 40. இடப்பக்கம் 20, அதன் கீழ் 10, 30. வலப்பக்கம் 60, அதன் கீழ் 50, 70. இதில் 65ஐச் சேர்க்க வேண்டும். அதன் இடம் 70க்கு இடப்பக்கம். ஆனால் பழைய 70இன் சுட்டியை, அதாவது கீழ்க்கணுவைக் காட்டும் இணைப்பை, தொடக்கூடாது, ஆகவே புதிய 70 வேண்டும். அதைச் சுட்ட புதிய 60, அதைச் சுட்ட புதிய 40. ஆக, 65ஐயும் சேர்த்துப் புதிய கணுக்கள் நான்குதான். 20இன் கிளை முழுவதும், 50உம் இரண்டு மரங்களுக்கும் பொது. யாரும் எதையும் மாற்றப்போவதில்லை என்பதால்தான் இந்தப் பங்கீடு ஆபத்தில்லாதது. பத்து லட்சம் உறுப்புகள் இருந்தாலும் நகலாவது இருபது சொச்சம் கணுக்களே.

க்ளோஜர் என்ற நிரல்மொழியும் ஸ்காலாவும் கணினி ஆய்வாளர் ஃபில் பேக்வெல் வகுத்த ஹேஷ் மர வழியில் போகின்றன. உறுப்பிலிருந்து கணக்கிடும் எண்ணான ஹேஷ் மதிப்பில் ஐந்து ஐந்து பிட்டாக எடுத்து, ஒவ்வொரு மட்டத்திலும் 32 கிளைகளில் ஒன்றைத் தேர்வார்கள். பத்து லட்சத்துக்கு நான்கைந்து மட்டங்கள் போதும். ஆனால் நகலெடுக்கும் ஒவ்வொரு கணுவும் பெரிது.

ஸ்காலாவில் நான்கு உறுப்புகள் வரை மரமே கிடையாது, சேர்த்த வரிசையும் அப்படியே நிற்கும். ஐந்தாவது நுழைந்ததும் ஹேஷ் மரமாகிறது, வரிசை போய்விடுகிறது. மூன்று உறுப்புகளோடு சோதித்துவிட்டு வரிசையை நம்பியவர்கள் மாட்டுவது இங்கேதான்.

லட்சக்கணக்கில் ஒரேயடியாகச் சேர்க்க, ஒவ்வொன்றாகக் கூட்டுவது வீண். கட்டி முடிக்கும்வரை மட்டும் மாற்ற அனுமதிக்கும் வழிகளாக க்ளோஜரில் டிரான்சியன்ட், ஸ்காலாவில் பில்டர் இருக்கின்றன. ஹாஸ்கெல்லில் ஏறுவரிசைப் பட்டியலிலிருந்து நேரடியாக மரம் கட்டும் சார்பு உண்டு, படுவேகம். ஆனால் பட்டியல் உண்மையிலேயே ஏறுவரிசையில் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. குலைந்த பட்டியலைக் கொடுத்தால் சத்தமில்லாமல் குலைந்த மரத்தைக் கட்டித் தரும்; உள்ளே இருக்கும் எண்ணையே தேடினாலும் ‘இல்லை’ என்று சொல்லக்கூடும்.