மூன்று மாதச் சர்க்கரையைச் சிவப்பணுக்கள் எப்படிக் குறித்துவைக்கின்றன?

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முன்பு இரண்டு மூன்று நாட்கள் மட்டும் வாயைக் கட்டி, மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டுவது நீரிழிவு உள்ளவர்கள் சிலரிடம் உள்ள வழக்கம். ஆனால் அதே இரத்தத்தில் செய்யப்படும் ஹெச்பிஏ1சி பரிசோதனை அந்த மூன்று நாள் பத்தியத்துக்குச் சற்றும் அசைந்து கொடுப்பதில்லை. ‘மூன்று மாதச் சராசரி’ என்று பேச்சுவழக்கில் குறிப்பிடப்படும் இந்த எண் உடலுக்குள் எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்துகொண்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம், எங்கே அது நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகும் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

எலும்பு மஜ்ஜையில் பிறந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழ்கிறது. அதற்கு உட்கரு கிடையாது. எனவே தன்னிடமுள்ள, ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் பழுதானால் புதிதாகச் செய்துகொள்ள அதனால் முடியாது. தசை அணுவும் கொழுப்பு அணுவும் குளுக்கோஸைப் பெருமளவில் உள்வாங்க இன்சுலினை எதிர்பார்க்கின்றன. சிவப்பணுவோ இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. வெளியே குளுக்கோஸ் கூடினால் அதன் உள்ளேயும் கூடுகிறது. அப்படி நுழைந்த குளுக்கோஸ் மூலக்கூறுகளில் மிகச் சிறிய பங்கு, வளையம் திறந்த நிலையில், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியின் நுனியில் உள்ள வாலின் என்னும் அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் இது பிரிந்துபோகக்கூடிய தளர்ந்த பிணைப்புதான். பிறகு மெல்ல உருமாறி, அந்த அணு அழியும் வரை விலகாத பிணைப்பாகிவிடுகிறது. இந்த வினையை நடத்திவைக்க எந்த நொதியும் தேவையில்லை. எவ்வளவு குளுக்கோஸ் இருந்தது, எவ்வளவு காலம் இருந்தது என்ற இரண்டே அதன் அளவைத் தீர்மானிக்கின்றன. மொத்த ஹீமோகுளோபினில் இவ்வாறு சர்க்கரை ஏறிய பங்கையே ஹெச்பிஏ1சி சதவீதமாகக் காட்டுகிறது.

மூன்று மாதச் சராசரி என்று சொன்னாலும், மூன்று மாதங்களுக்கும் அதில் சம இடம் இல்லை. இன்று நம் இரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை சென்ற வாரத்தையும் கண்டவை. மூன்று மாதங்களுக்கு முந்தைய நாளைக் கண்டவையோ, ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கும் மூத்த அணுக்கள் மட்டுமே. ஆகவே அந்த எண்ணில் ஏறக்குறையப் பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்களிப்பாகவே இருக்கிறது. மருந்தை மாற்றிய ஒரே மாதத்தில் பரிசோதித்தால் மாற்றத்தின் ஒரு பகுதிதான் தெரியும்; முழுப் பலனையும் பார்க்க மூன்று மாத இடைவெளி வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபினின் இந்த வகை கூடுதலாக இருப்பதை 1968-இல் ஈரானிய ஆய்வாளர் சாமுவேல் ரஹ்பர் எடுத்துக்காட்டினார். சர்க்கரை கட்டுக்குள் வரும்போது இதன் அளவும் இறங்குகிறது என்பது 1976-இல், மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சையளிக்கப்பட்ட ஐந்தே நோயாளிகளிடம் உறுதியாயிற்று. அது வெறும் அளவுகோல் மட்டுமல்ல என்பதை நிறுவியது அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த பெரிய ஆய்வு. முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரில் ஒரு பிரிவினர் ஏறக்குறைய 7 சதவீதத்திலும் மற்றொரு பிரிவினர் ஏறக்குறைய 9 சதவீதத்திலும் இருந்தனர். முதல் பிரிவில் விழித்திரைப் பாதிப்பு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. இரண்டாம் வகை நீரிழிவிலும் நுண் இரத்தக் குழாய்ப் பாதிப்புகள் குறைவதை 1998-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. விழித்திரையின் நுண் குழாய்கள், சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதிகள், நரம்புகள் ஆகியவற்றின் அணுக்களாலும் சிவப்பணுவைப் போலவே மிகுதியான குளுக்கோஸைத் தடுத்து நிறுத்த இயலாது. சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரை நான்கு மாதத்தில் அந்த அணுவோடு போய்விடும். குழாய்ச் சுவர்களின் கொலாஜன் போன்ற நீண்டகாலப் புரதங்களில் ஒட்டியது ஆண்டுக்கணக்கில் தங்கி, அவற்றை விறைக்கச் செய்கிறது. பாதிப்புக்கு இதுவே முழுக் காரணம் அல்ல என்றாலும், காரணங்களில் இது முக்கியமானது.

பொதுவாக 5.7 சதவீதத்துக்குக் கீழே இருப்பது இயல்பு, 6.5-உம் அதற்கு மேலும் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே பரிசோதனையை வைத்து முடிவுக்கு வராமல் மறுபடியும் உறுதிப்படுத்துவது முறை. 7 சதவீதம் என்பது டெசிலிட்டருக்குச் சுமார் 154 மில்லிகிராம் சராசரிச் சர்க்கரைக்கும், 9 சதவீதம் சுமார் 212 மில்லிகிராமுக்கும் ஈடாகும்.

இந்தக் கணக்கு முழுவதும் சிவப்பணு 120 நாட்கள் வாழ்கிறது என்ற ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் சர்க்கரை கூடாமலேயே ஹெச்பிஏ1சி சற்றுக் கூடித் தெரியலாம். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் நோய்களிலும், பெரிய இரத்தப்போக்குக்குப் பின்பும், இரத்தம் ஏற்றிய பிறகும், சர்க்கரை உயர்ந்தே இருந்தாலும் எண் தாழ்ந்து தெரியலாம். சர்க்கரை ஒட்டிக்கொள்ளப் போதிய அவகாசமே அந்த அணுக்களில் கிடைத்திருக்காது. கர்ப்ப காலம், முற்றிய சிறுநீரக நோய், பிறவியிலேயே அமைந்த ஹீமோகுளோபின் மாறுபாடுகள் ஆகியவையும் இந்த அளவீட்டைக் குழப்பக்கூடும். இத்தகையவர்களுக்கு ஃபிரக்டோசமைன் போன்ற, இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் பரிசோதனைகளை மருத்துவர் துணைக்கு அழைப்பதுண்டு. எனவே இரத்தசோகைக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் அதைச் சர்க்கரை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். இது நீரிழிவோடு தொடர்பற்ற செய்தி என்று நினைத்துப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இன்னொரு குறை, சராசரி என்பதற்கே உரியது. நாள் முழுவதும் 120-க்கும் 190-க்கும் இடையே இருப்பவருக்கும், விடியற்காலையில் 50-க்கு இறங்கிச் சாப்பிட்ட பின் 300-க்கு ஏறுபவருக்கும் ஒரே 7 சதவீதம் வரலாம். 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும் தாழ்சர்க்கரை வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் எனத் தொடங்கி, கடுமையானால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும்; அந்த ஆபத்தின் சுவடு இந்த எண்ணில் தெரிவதில்லை. இதய நோய் அபாயம் மிகுந்த இரண்டாம் வகை நீரிழிவாளர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வில், 6 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர முயன்ற தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்ததால், 2008-இல் அந்தச் சிகிச்சையே நிறுத்தப்பட்டது. எண் குறையக் குறைய நல்லது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. வேறு நோயில்லாத இளையவருக்கு 6.5 பொருத்தமான இலக்காக இருக்கலாம். பல நோய்களோடு வாழும் முதியவருக்கு 8 கூடப் போதுமானதாகலாம். அதைத் தேர்வு மதிப்பெண்போல் பிறரோடு ஒப்பிட்டு வருந்துவதோ, நன்றாக இருக்கிறது என்று தானாகவே மாத்திரையை நிறுத்துவதோ சரியல்ல.

எண் உயர்ந்திருந்தால், நாளின் எந்த வேளையில் சர்க்கரை ஏறுகிறது என்பதையும் அது சொல்லாது. வெறும் வயிற்றிலேயே உயர்ந்திருந்தால், இரவெல்லாம் கல்லீரல் மிகுதியாகக் குளுக்கோஸை வெளிவிடுகிறது என்று பொருள்கொண்டு, அதை அடக்கும் மெட்ஃபார்மினையோ நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினையோ மருத்துவர் சரிசெய்வார். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு மட்டும் ஏறுகிறது என்றால், அந்த வேளை உணவின் அளவும் அந்த வேளைக்கான மருந்துமே பரிசீலனைக்கு வரும். குளுக்கோமீட்டரில் பார்த்த அளவுகளை, நேரத்தையும் கடைசியாகச் சாப்பிட்ட பொழுதையும் சேர்த்து, பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரத்துக்காவது எழுதி எடுத்துச் சென்றால், எந்த மருந்தை எந்த வேளையில் மாற்றுவது என்று மருத்துவர் அதை வைத்து முடிவு செய்ய முடியும்.