பள்ளி திறக்கட்டும், அதற்கு முன் ஜன்னல்கள் திறக்கட்டும்

வாசலில் ஒருவர் வெப்பமானித் துப்பாக்கியோடு நிற்கிறார். பக்கத்தில் சானிடைசர் பாட்டில். படியெல்லாம் பிளீச்சிங் பவுடர் தெளித்த வெள்ளைத் தடம். உள்ளே போனால், சாரல் அடிக்கிறதென்று வகுப்பறையின் எல்லா ஜன்னலும் கொண்டி போட்டு மூடிக் கிடக்கின்றன. மேலே மூன்று ஃபேன் ஓடுகிறது. "எல்லா ஏற்பாடும் செஞ்சாச்சு சார்" என்கிறார்கள்.

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகளில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்ததிலிருந்து குமரி மாவட்டத்தில் இதே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நவம்பர் 1, திங்கட்கிழமை, சின்னப் பிள்ளைகள் வரப்போகிறார்கள். அதற்குள் இது மாற வேண்டும்.

திறக்கலாமா கூடாதா என்ற வாதத்தைச் சுருக்கமாகவே முடித்துக்கொள்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐசிஎம்ஆர்) 2021 ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது ரத்த ஆய்வில், 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் 57.2 சதவீதம் பேருக்கும், 10 முதல் 17 வயதினரில் 61.6 சதவீதம் பேருக்கும் கொரோனா எதிர்ப்பொருள், அதாவது தொற்று வந்துபோனதன் தடம், இருந்தது. குழந்தைகளுக்கு இது வராது என்பவர்களுக்கு அதில் பதில் இருக்கிறது: வந்திருக்கிறது. பள்ளி திறந்தால்தான் வரும் என்பவர்களுக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. நாட்டின் பெரும்பகுதியில் தொடக்கப் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம் அது. பிள்ளைகளுக்கு வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வந்தது, கல்யாண மண்டபத்திலிருந்து வந்தது.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை இப்போது இரண்டாம் வகுப்பு. இன்னும் ஒரு நாள்கூட பெஞ்சில் உட்காரவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் செல்போன் சிக்னல் தேடிப் பாறை ஏற வேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகும் அப்பாவின் சட்டைப் பையில்தான் பல வீடுகளில் ஒரே போன். சத்துணவுக்குப் பதிலாகக் கொடுத்த அரிசி வீட்டு உலையில் எல்லோருக்குமாக வெந்தது. பிள்ளையின் தட்டுக்கென்று தனியாக எதுவும் வரவில்லை. எனவே திறக்கத்தான் வேண்டும். எப்படித் திறப்பது என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

பேசும்போதும் மூச்சு விடும்போதும் வாயிலிருந்து வரும் நுண்துளிகள் மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். இது எல்லோரும் கேட்டதுதான். ஆனாலும் "ஃபேன் ஓடுதே, காற்றோட்டம் இருக்கே" என்று சொல்கிறார்கள். ஃபேன் ஓடினால் காற்றோட்டம் இருப்பதாக அர்த்தமில்லை. சீலிங் ஃபேன் வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றைக்கூட உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றைத்தான் சுற்றிவிடும். மூலையில் இருமும் பிள்ளையின் மூச்சை முதல் பெஞ்சு வரைக்கும் கொண்டு சேர்க்கும், அவ்வளவுதான். தனியார் பள்ளிகளின் ஏசி அறைகளில் இருக்கும் ஸ்பிளிட் ஏசியும் அப்படியே. உள்ளே இருக்கும் காற்றை இழுத்துக் குளிரவைத்து அதையே திரும்ப விடுகிறது. வெளிப்பெட்டிக்குப் போவது கேஸ் குழாய்தான், காற்றுக் குழாய் இல்லை. ஏசி அறைகளில் தயவுசெய்து வகுப்பு எடுக்காதீர்கள்.

கணக்காகவே பார்ப்போம். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரம் உள்ள அறை. அரசு சொன்னபடி 20 பிள்ளைகள், ஓர் ஆசிரியர். எல்லாவற்றையும் மூடிவிட்டால் அரைமணி நேரத்தில் அறையின் கார்பன் டை ஆக்சைடு 1500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 1500 பங்கு) தாண்டும். ஒரு பீரியட் முடியும்போது 2400-ஐ நெருங்கும். வெளியே இருப்பது 420-தான். நாம் வெளிவிடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. அப்படியென்றால் 2400-இல் ஒரு பிள்ளை இழுக்கும் இருபது மூச்சில் ஒரு மூச்சு இன்னொருவர் விட்டது. 800-க்குள் வைத்தால் அது நூறில் ஒன்றாகும். இலக்கு 800. ஆயிரத்தைத் தாண்டினால் ஜன்னலைக் கூட்டித் திற, 1500 ஆனால் பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பு.

அளக்கும் கருவி வாங்குவதானால் என்டிஐஆர் (NDIR, அகச்சிவப்பு ஒளியால் அளப்பது) வகை என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மலிவான பல பெட்டிகள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை வைத்துக் குத்துமதிப்பாக எண் காட்டுகின்றன. கையில் சானிடைசர் தடவிப் பக்கத்தில் கொண்டுபோங்கள். எண் சட்டென்று எகிறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவி இல்லையென்றால் ஊதுபத்தி போதும். ஃபேனை நிறுத்திவிட்டுக் கதவுக் கீழ்ப்பக்கம் ஒன்றைப் பிடியுங்கள். புகை உள்ளே சாய வேண்டும். எதிர்ச் சுவரில் ஜன்னல் மேல்பக்கம் பிடித்தால் வெளியே சாய வேண்டும். இரண்டு இடத்திலும் நேராக மேலே போனால் அந்த அறையில் காற்று நகரவில்லை. ஆடி மாதம் செய்த சோதனையை நம்பாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஐப்பசியில் அடங்கிவிடும். ஜூலையில் காகிதம் பறந்த அறை நவம்பரில் கிணறு மாதிரி நிற்கும்.

இனி மழை. எல்லா ஜன்னலையும் மூடக் காரணம் சொல்லாதீர்கள். மழை ஒரு பக்கம்தான் அடிக்கும். அடிக்காத பக்கத்தை முழுவதும் திறவுங்கள், அடிக்கிற பக்கத்தை நான்கு அங்குலம் கொக்கி போட்டு நிறுத்துங்கள், பெஞ்சை மூன்றடி உள்ளே தள்ளுங்கள். தார்ப்பாயை ஜன்னலோடு ஒட்டித் தொங்கவிடாமல் இரண்டடி முன்னால் சரித்துக் கட்டுங்கள். பழைய ஓட்டுக் கட்டடங்களில் உச்சியில் காற்றுத் துளை இருக்கும். புறா வருகிறதென்று அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். சறுக்கி நகரும் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும். அந்த அறைகளுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். பெட்டியில் மணிக்கு 1000 கனமீட்டருக்குக் குறையாமல் போட்டிருக்கிறதா பார்த்து வாங்கி, கதவுக்கு எதிர்ச்சுவரில் உயரத்தில் மாட்டுங்கள். அதை ஒட்டியுள்ள ஜன்னலை மட்டும் மூடி வையுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் காற்றையே இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும்.

மாஸ்க் கழற்றும் நேரம் சாப்பாட்டு நேரம். எனவே சாப்பாடு வராந்தாவில், முதுகு திரும்பி, இருபது இருபது பேராக. மழையில் மாஸ்க் நனையும், நனைந்த மாஸ்க் பயன்படாது. பையில் இன்னொன்று இருக்கட்டும். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு மாஸ்க் வேண்டாம். வேனில் முன்பக்க இடது ஜன்னலும் பின்பக்க வலது ஜன்னலும் குறுக்காகத் திறந்திருக்கட்டும், மழையிலும் இரண்டு விரல் அளவுக்கு.

பெற்றோருக்கு ஒன்று, கோபமாகவே சொல்கிறேன். காலையில் சூடு தெரிந்ததும் பாராசிட்டமால் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். அந்த மாத்திரை நான்கு முதல் ஆறு மணிநேரம் நிற்கும். வாசல் துப்பாக்கியில் பிள்ளை தேறிவிடும், மதியம் வகுப்பில் காய்ச்சல் ஏறும். மாத்திரை கொடுக்காவிட்டாலும் அந்தத் துப்பாக்கி பெரிதாக உதவாது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும், பல பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராது. காய்ச்சல் என்றால் வீட்டில் வையுங்கள், பரிசோதனை செய்யுங்கள். இது டெங்கு, எலிக்காய்ச்சல் காலமும்கூட. கொரோனா வந்துபோய் இரண்டு முதல் ஆறு வாரத்தில் மூன்று நாள் விடாத காய்ச்சலோடு கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், தாமதிக்க வேண்டாம்.

பள்ளி நிர்வாகங்களே, முழு வருகைப் பரிசை இந்த ஆண்டு நிறுத்துங்கள். அந்தப் பரிசுக்காகவே காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் உண்டு. ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், வேன் டிரைவர் எல்லோரும் இரண்டு தவணை தடுப்பூசி போட்டுப் பதினான்கு நாள் ஆகியிருக்க வேண்டும். கோவிஷீல்டு தடுப்பூசியில் தவணைக்கு இடையே 84 நாள் (2021 விதி) என்பதால் விட்டவர்களை இப்போதே முகாமுக்கு அனுப்புங்கள்.

பிளீச்சிங் பவுடரைப் பிள்ளைகள் மேலோ அவர்கள் நடக்கும் வழியிலோ தெளிக்காதீர்கள். கண் எரியும், மூச்சு இரைக்கும், வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கான இடம் தண்ணீர்த் தொட்டி. ஒன்றரை வருடமாகத் தேங்கிய தண்ணீரை வெளியேற்றித் தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர். ஒரு வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணிநேரம் கழித்துக் குழாயைத் திறவுங்கள்.

சனிக்கிழமை அக்டோபர் 30, ஞாயிறு 31, இரண்டு நாள் கையில் இருக்கிறது. தீபாவளி வேலை எல்லோருக்கும் உண்டு, தெரியும். தலைமை ஆசிரியரும் பெற்றோர் நான்கு பேரும் ஒரு பாக்கெட் ஊதுபத்தியோடு ஒவ்வொரு அறையாகப் போய்வர இரண்டு மணிநேரம் ஆகும். புகை நகராத அறையின் கதவில் சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். அந்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டும்வரை அந்த வகுப்பு வராந்தாவில் நடக்கட்டும்.