பதிப்புரிமை: எழுதியதும் வருகிறது, கையெழுத்தில் போகிறது

கதையோ கவிதையோ எழுதி முடித்ததுமே அதன் பதிப்புரிமை எழுதியவருக்கு வந்துவிடும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. பலர் இதைக் 'காப்புரிமை' என்று எழுதுகிறார்கள்; அது கண்டுபிடிப்புகளுக்கான பேடன்ட், அதற்குச் சட்டமே வேறு. கதைக்கருவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. பங்கு வீட்டுக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வதை எவரும் எழுதலாம். உங்கள் காட்சிகளையும் வசனத்தையும் அப்படியேவோ கணிசமாகவோ எடுத்தால்தான் மீறல்.

உரிமை பறிபோவது பெரும்பாலும் ஒப்பந்தத்தில்தான். பிரிவு 19-இன்படி, எழுத்தில் இல்லாத, கையெழுத்தில்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, காலாவதியாகிவிடும். 'சகல உரிமைகளும் நிரந்தரமாக' என்ற ஒரே வரி இந்த 5 ஆண்டு வரம்பைத் தூக்கி எறிந்துவிடும். அதை அடித்துவிட்டு, 'தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும், 3 ஆண்டுகள்' என்று எழுதச் சொல்லுங்கள். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. தனித்தனியாகவே விலை பேசுங்கள்.

மாதச் சம்பளத்தில் வேலையாக எழுதியது, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், நிறுவனத்துக்கே சேரும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாணப் போட்டோவுக்கும் அப்படித்தான்: உரிமை போட்டோகிராபருக்கு அல்ல, எடுக்கச் சொன்னவருக்கு.

எழுத்தாளரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும்.

அப்படியானால் பதிவு எதற்கு? வழக்கு வந்தால் பதிவேடு முதல்நிலைச் சாட்சியம் ஆகும்; அதாவது, தவறென்று எதிர்த்தரப்பு நிரூபிக்கும்வரை அதை ஏற்றுக்கொள்வார்கள். பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்பி விண்ணப்பிக்கலாம். எழுத்துப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. ஒவ்வொரு படைப்புக்கும் தனி விண்ணப்பம். டயரி எண் (விண்ணப்பத்துக்குத் தரும் எண்) கிடைத்தபின், ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள், அதன்பிறகே பரிசீலனை. எழுதியவர் ஒருவர், விண்ணப்பிப்பவர் இன்னொருவர் என்றால், எழுதியவரிடமிருந்து 'எனக்கு ஆட்சேபம் இல்லை' என்ற தடையின்மைச் சான்று வேண்டும். வெளியிட்ட பதிப்பகத்திடமிருந்தும் வாங்கி வையுங்கள். இது இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் தேங்குகின்றன.

கையெழுத்துப் பிரதியைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அதற்குச் சட்டம் தனி மதிப்பு எதுவும் தரவில்லை.